ஜனாஸாவுக்கு முந்திய கடமை: இறுதிநிலை நோயாளர் பராமரிப்பும் மஹல்லா ஜமாஅத்தும்

ஒரு முஸ்லிம் இறந்துவிட்டால் உயிரோடிருப்போர் அவருக்குச் செய்ய வேண்டியவை நான்கு என்பதை மக்தபில் ஓதும் சிறுவனும் அறிவான். குளிப்பாட்டுதல், கஃபனிடுதல், தொழுகை நடத்துதல், நல்லடக்கம் செய்தல் ஆகிய இந்நான்கும் ஃபர்ளு கிஃபாயா, அதாவது சமுதாயக் கடமையாகும். சிலர் செய்துவிட்டால் ஏனையோர் மீதிருந்து பொறுப்பு நீங்கும். எவருமே செய்யாவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகளாவர். இந்தக் கடமையில் நம் மஹல்லாக்கள் குறை வைப்பதில்லை. தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர் போன்ற சிறு பேரூர்களிலும் ஒரு மவ்த்துச் செய்தி பரவிய சில மணி நேரத்திற்குள் சந்தூக் வந்துவிடுகிறது; குழி வெட்ட ஆள் போகிறது; குளிப்பாட்டத் தெரிந்தவர் கூப்பிடாமலே வந்து நிற்கிறார். ஏழை வீடாயின் கஃபன் துணிக்கும் வழி பிறந்துவிடுகிறது.

ஆனால் அந்த மவ்த்துக்கு முந்திய மூன்று மாதங்களில் அதே வீட்டில் நிகழ்ந்தது என்ன? புற்றுநோய் முற்றியவர் இரவெல்லாம் வலியால் முனகியிருப்பார். படுக்கைப் புண்ணுக்கு மருந்திடும் முறை அறியாமல் மனைவி கலங்கியிருப்பார். கடன் வாங்கிச் சேலத்திற்கும் பெங்களூருக்கும் அலைந்த மகன், இனி அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நின்றிருப்பான். இந்த நாள்களில் ஜமாஅத் எங்கே இருந்தது என்ற வினாவை நாம் எழுப்புவதில்லை. இறந்த உடலுக்குச் சமுதாயம் செலுத்தும் கவனம், இறந்துகொண்டிருக்கும் உயிருக்குக் கிட்டாமற்போவது ஏன்? இறுதிநிலை நோயாளர் பராமரிப்பு என்பது யாது, அதற்கு ஷரீஅத்தில் உள்ள இடம் என்ன, ஒரு சிறிய மஹல்லாவால் அதனை நடத்த இயலுமா என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சிகிச்சை முடிகிறது, பராமரிப்பு முடிவதில்லை

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் சென்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பெரிய மருத்துவமனைகளில் சொல்லக் கேட்கிறோம். நோயை அழிக்கும் சிகிச்சை இனிப் பயன் தராது என்பதே அதன் பொருள். நோயாளிக்குச் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை என்று குடும்பத்தார் பொருள் கொள்வதுதான் துயரத்தின் தொடக்கம். வலியைத் தணித்தல், மூச்சுத்திணறல், குமட்டல், மலச்சிக்கல் முதலியவற்றைக் கட்டுப்படுத்துதல், புண்களைத் துப்புரவாக வைத்தல், அச்சத்தையும் மனச்சோர்வையும் ஆற்றுதல், பராமரிக்கும் குடும்பத்தாருக்குப் பயிற்சியும் ஓய்வும் அளித்தல், இறப்புக்குப் பின்னும் அவர்களின் துயரில் பங்குகொள்ளுதல் ஆகிய இவை அனைத்தும் சேர்ந்ததே நோய் ஆதரவுச் சிகிச்சை எனப்படும் தனித்துறை. இறுதிக் கட்டத்திலுள்ளோரைத் தங்க வைத்து இப்பணியைச் செய்யும் இல்லம் ஹாஸ்பிஸ் எனப்படுகிறது. நோயாளியின் வீட்டிற்கே செவிலியர் சென்று செய்வது இல்லப் பராமரிப்பு.

இத்துறையின் பெயருக்கு மூலமான இலத்தீன் சொல் மேற்போர்வையைக் குறிப்பது. அரபு நாட்டு மருத்துவர்கள் இதனை 'அர்ரிஆயத்துத் தல்தீஃபிய்யா' என்கின்றனர். 'லுத்ஃப்' என்னும் மென்மை, கனிவு என்ற பொருளுடைய மூலத்திலிருந்து பிறந்த சொல் இது. அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்றாகிய 'அல்லத்தீஃப்' அதே மூலத்திலிருந்து வந்தது என்பது கவனத்திற்குரியது.

நவீன காலத்தில் இதற்கு வடிவம் கொடுத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் பணியாற்றிய அவர், பின்னர் மருத்துவமும் பயின்று 1967-இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். உடல், உள்ளம், குடும்பச் சூழல், ஆன்மிகம் ஆகிய நான்கிலும் நோயாளி படும் வேதனையை ஒன்றாகக் கண்டு 'முழுவலி' என்ற கருத்தை அவர் முன்வைத்தார். இந்தியாவில் 1986-இல் மும்பையில் சாந்தி அவேதனா சதன் தோன்றியது. நம் வட்டாரத்தார் சிகிச்சைக்காக அடிக்கடி செல்லும் பெங்களூரில், கருணாஷ்ரயா என்னும் இல்லம் 1999 முதல் முற்றிய புற்றுநோயாளரைக் கட்டணமின்றிப் பேணி வருகிறது. எனினும் தேவை கடல் போன்றது. ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இப்பராமரிப்புத் தேவைப்படுவதாகவும், அவர்களுள் நூற்றுக்குப் பதினான்கு பேரளவிலேயே அதனைப் பெறுவதாகவும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

பள்ளிவாசலில் ஒரு கூடாரம்

இது மேனாட்டாரிடமிருந்து வந்த புதுமை, நமக்கு இதில் முன்மாதிரி இல்லை என்று கருதுவோர் மஸ்ஜிதுந் நபவியில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சிந்திக்க வேண்டும். ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு அகழ்ப்போரில் அம்பு தைத்துக் கையின் இரத்த நாளம் அறுபட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காக, நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே ஒரு கூடாரம் அமைக்கச் செய்தார்கள். அருகிலிருந்து அடிக்கடி அவரைப் பார்த்துவர வேண்டும் என்பதே அதன் நோக்கம் என்று ஸஹீஹுல் புகாரியில் ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு தெரிவிக்கிறது. காயமுற்றோருக்கு மருத்துவம் செய்துவந்த ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் பொறுப்பில் அவர் ஒப்படைக்கப்பட்டதை வேறு அறிவிப்புகள் கூறுகின்றன. பின்னர் அக்காயம் மீண்டும் உடைந்தது. பள்ளிவாசலில் கூடாரமிட்டிருந்த பனூ ஃகிஃபார் குலத்தார், தம் பக்கமாக இரத்தம் வழிந்து வருவது கண்டு திடுக்கிட்டனர். ஸஅத் (ரலி) அக்காயத்தாலேயே இறந்தார்கள்.

இதில் மூன்று செய்திகள் உள்ளன. உயிர் பிழைக்காத ஒருவருக்குத் தொழுமிடத்தில் இடம் தரப்பட்டது. பயிற்சியுடைய ஒரு பெண்மணியின் கவனிப்பு அவருக்குக் கிடைத்தது. சமுதாயத் தலைவர் நாள்தோறும் காணும் தொலைவில் அவர் வைக்கப்பட்டார். ஒரு ஹாஸ்பிஸின் இலக்கணத்தில் இவற்றுக்கு மேல் சேர்க்க வேண்டியது அதிகம் இல்லை.

பராமரிப்பவரின் தகுதிக்கும் சான்று உண்டு. பத்ருப் போர்க் காலத்தில் உஸ்மான் (ரலி) அவர்களின் துணைவியாரும் நபிகளாரின் அருமை மகளுமான ருகையா (ரலி) நோயுற்றிருந்தார்கள். அவரைக் கவனித்துக்கொள்ள உஸ்மான் (ரலி) மதீனாவிலேயே தங்கினார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் பங்கும் அவருக்கு உண்டு என்று நபி (ஸல்) அறிவித்தார்கள். ருகையா (ரலி) அந்நோயிலேயே மரணமுற்றார்கள். நோயாளியைப் பார்ப்பது பெண்களின் வேலை என்று ஒதுங்கும் ஆண்களும், கணவனுக்காகவோ மாமியாருக்காகவோ இரவு பகலாக உழைக்கும் பெண்ணின் பணியை வீட்டு வேலையாக மட்டும் எண்ணுவோரும் இந்த வரலாற்றை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும்.

பின்வந்த ஆட்சியாளரும் இவ்வழியைத் தொடர்ந்தனர். உமையாக் கலீஃபா முதலாம் வலீத், நடக்க இயலாதோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளையும், பார்வையற்றோருக்கு ஒரு வழிகாட்டியையும் அமர்த்தியதை வரலாற்றாசிரியர் தபரீ பதிந்துள்ளார். 1154-இல் டமாஸ்கஸில் நூருத்தீன் ஸங்கியும், 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூனும் நிறுவிய பீமாரிஸ்தான்கள் வக்ஃபு வருவாயில் இயங்கின. அங்கு மரணமடைந்தோரின் அடக்கச் செலவுக்கும் கலாவூனின் வக்ஃபில் வகை செய்யப்பட்டிருந்தது.

வலியும் பொறுமையும்

நோயின் துன்பம் பாவங்களுக்குப் பரிகாரமாகும் என்பது ஸஹீஹான ஹதீஸ்களால் உறுதியானது. ஆனால், 'ஆகவே வலியைத் தாங்கிக்கொள்ள வேண்டும், வலிநீக்க மருந்து கேட்பது பொறுமைக் குறைவு' என்று அதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. பொறுமைக்கு எடுத்துக்காட்டாகிய நபி அய்யூப் (அலை) அவர்களே தம்மைத் தீண்டிய துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். இறைவன் அதனை நீக்கினான். நபி (ஸல்) அவர்கள் இஹ்ராம் நிலையிலிருந்தபோது தலைவலிக்காக ஹிஜாமா செய்துகொண்டதும் புகாரியில் உள்ளது. வந்துற்ற வலிக்குக் கூலி உண்டு. நீக்கக்கூடிய வலியை நீக்காமல் வைத்திருக்கக் கட்டளை இல்லை. தீங்கு அகற்றப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹின் ஐந்து பெருவிதிகளுள் ஒன்று.

கடும் புற்றுநோய் வலிக்கு இன்றும் முதன்மையான மருந்து மார்ஃபின். அபினியிலிருந்து எடுக்கப்படுவதால் இது ஹராமன்றோ என்ற ஐயம் நம் மக்களிடம் பரவலாக உண்டு. அழுகிய உறுப்பை அறுத்தெடுப்பதற்காக அறிவை மயக்கும் மருந்தை உட்கொள்ள நேர்ந்தால் அது ஆகும் என்பதே சரியான கருத்தென இமாம் நவவீ (ரஹ்) தமது 'அல்மஜ்மூஃ' நூலில் முடிவு செய்துள்ளார்கள். வலிக்கு அளவறிந்து தரும் மார்ஃபினோ அறிவை மயக்குவதற்காகத் தரப்படுவதன்று. தொடக்கத்தில் சில நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும். பின்னர்ப் பெரும்பாலும் தணிந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் நீடிக்குமாதலால் மலமிளக்கியையும் சேர்த்தே தருவர். சாதாரண மாத்திரை நான்கு மணிக்கொருமுறை தரப்படுகிறது. வலி வந்தபின் கொடுப்பதைவிட, வருமுன் மணி பார்த்துக் கொடுப்பதே முறை. இவ்வாறு மருத்துவர் மேற்பார்வையில் தரும்போது நோயாளி போதைக்கு அடிமையாவார் என்ற அச்சத்திற்கு இடமில்லை. வலி தணிந்த நோயாளி தொழுகிறார், பேரப் பிள்ளைகளோடு பேசுகிறார், உறங்குகிறார். வலியால் அறிவு கலங்கிக் கிடந்தவருக்கு அம்மருந்து அறிவைத் திருப்பித் தருகிறது என்றே சொல்ல வேண்டும்.

மருத்துவத்திற்கான அபினியைச் சட்டப்படி விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா. ஆயினும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமையான நடைமுறைகளால், அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் இந்நாட்டு நோயாளருக்குக் கிடைத்த மார்ஃபினின் அளவு பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வீழ்ந்தது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் பல உரிமங்களுக்காக அலையாமல் இதனை வாங்கி வைக்க வழி பிறந்தது. ஆகவே இன்று நோயாளியின் குடும்பத்தார் 'வலிக்கு மார்ஃபின் தரும் பிரிவு எங்குள்ளது' என்று கேட்டறிவது அவர்களின் உரிமை.

கருணைக் கொலை என்ற ஐயத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். உயிரைப் போக்கும் நோக்குடன் மருந்தளிப்பது கொலையே. ஷரீஅத்தில் அதற்கு இடமில்லை. மரணத்தை விரும்பி வேண்டுவதையே நபி (ஸல்) தடுத்துள்ளார்கள். வலியைத் தணிக்கும் நோக்குடன், தேவையான அளவு மட்டும் மருந்தளிப்பது வேறு. செயல்கள் நோக்கத்தைப் பொறுத்தவை. 1992 மே மாதம் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, மருத்துவச் சிகிச்சை பற்றிய தனது தீர்மானத்தில், குணமாகும் வாய்ப்பு இருப்பினும் இல்லாவிடினும் நோயாளியின் உடல், உள்ள வேதனைகளைக் குறைக்க மருத்துவர் பாடுபட வேண்டும் என வலியுறுத்தியது.

சிகிச்சை செய்துகொள்வது ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத்; ஹனஃபீ அறிஞர் பெரும்பாலோரிடம் ஆகுமானது. உறுதியான பயன் தராத சிகிச்சையைக் கட்டாயக் கடமையென இரு மத்ஹபாரும் கூறவில்லை. எனவே பயனற்றதென மருத்துவர் உரைத்தபின்னும், ஊரார் பேச்சுக்கு அஞ்சி நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து, மற்றொரு மருத்துவமனைக்கு ஓடத் தேவையில்லை. நிறுத்தியதற்காகப் பிள்ளைகள் குற்ற உணர்வில் வாடவும் வேண்டியதில்லை. சிகிச்சையை விடலாம், நோயாளியை விடலாகாது.

மறைப்பதால் பறிபோகும் உரிமைகள்

நம் குடும்பங்களில் நோயின் பெயரை நோயாளியிடமிருந்து மறைப்பது அன்பின் அடையாளமாகக் கருதப்படுகிறது. 'வயிற்றில் புண், சரியாகிவிடும்' என்பர். நோயாளியோ சுற்றியுள்ளோர் முகங்களைப் படித்து உண்மையை உணர்ந்து, அவரும் தெரியாதவர்போல் நடிப்பார். இவ்வாறு ஒரே வீட்டில் அனைவரும் தனித்தனியே அழுகின்றனர்.

ஷரீஅத்தின் கண்கொண்டு பார்த்தால் இந்த மறைப்பு நோயாளியின் உரிமைகளைப் பறிக்கிறது. மரண நோய்க்கென ஃபிக்ஹு நூல்களில் தனிச் சட்டங்கள் உள்ளன. அந்நிலையில் தரும் அன்பளிப்பு வஸிய்யத்தாகக் கருதப்பட்டு, மூன்றில் ஒரு பங்கில் அடங்க வேண்டும். வாரிசுக்குத் தருவதாயின் ஏனைய வாரிசுகளின் இசைவு வேண்டும். கொடுக்க வேண்டிய கடன், மனைவிக்குச் செலுத்தாத மஹர், வைத்திருக்கும் அமானிதம், விடுபட்ட நோன்புக்கான ஃபித்யா ஆகியவற்றை அவர் சொல்லிச் செல்ல வேண்டும். கடமையான ஹஜ்ஜை நிறைவேற்றாமல் ஒருவர் இறந்தால், ஷாஃபிஈ மத்ஹபின்படி அவரது சொத்திலிருந்து அதற்கான செலவு எடுக்கப்படும். ஹனஃபீ மத்ஹபிலோ அவர் வஸிய்யத் செய்திருந்தாலன்றி வாரிசுகள் மீது அது கடமையாகாது. தமக்கு நாள் குறைவு என்று அறியாதவர் எவ்வாறு வஸிய்யத் செய்வார்? யாரிடம் மன்னிப்புக் கேட்பார்?

ஆயினும் உண்மையைத் தலையில் கல்லைப்போல் போடுவதும் முறையன்று. 'உங்கள் நோயைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்' என்று முதலில் கேட்டு, அவர் தாங்கும் அளவுக்குச் சிறிது சிறிதாக உரைப்பதே இத்துறையினர் கையாளும் முறை. பொய் சொல்வதில்லை; கேளாததைத் திணிப்பதும் இல்லை.

நோயாளியின் விருப்பத்தை மீறுவது குறித்தும் நபிகளாரின் இறுதி நோயில் ஒரு பாடம் உண்டு. மயக்க நிலையில் இருந்த நபி (ஸல்) அவர்களின் வாயோரத்தில் குடும்பத்தார் மருந்தை ஊற்றினர். வேண்டாமென்று அவர்கள் சைகை செய்தார்கள். நோயாளிகள் மருந்தை வெறுப்பது இயல்பு என்று எண்ணிக் குடும்பத்தார் அதனைப் பொருட்படுத்தவில்லை. தெளிவு பெற்றபின் நபி (ஸல்) இதனைக் கண்டித்தார்கள். அம்மருந்து அந்நோய்க்குப் பொருந்தாதது என்பதே காரணம் என்று விரிவுரையாளர் சிலர் விளக்கியிருப்பினும், நோயாளியின் மறுப்பைப் 'பாவம், அவருக்கு என்ன தெரியும்' என்று தள்ளிவிடலாகாது என்ற படிப்பினை இதில் தெளிவாக உள்ளது. இந்திய உச்ச நீதிமன்றமும், பயனற்ற உயிர்நீட்டிப்புச் சிகிச்சை தமக்கு வேண்டாமென ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018 மார்ச் 9-இல் ஏற்று, 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது.

படுக்கையில் இபாதத்

இறுதிநிலை நோயாளர் பலர் மருந்தைவிட அதிகமாகக் கவலைப்படுவது தொழுகையைப் பற்றி. சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர், வயிற்றில் மலப்பை கட்டப்பட்டவர், ஓயாமல் கசியும் புண்ணுடையவர், 'நான் அசுத்தமாக இருக்கிறேன்' என்று தொழுகையையே விட்டுவிடுவதைக் காண்கிறோம். இங்கு ஆலிம்களின் பணி மருத்துவரின் பணிக்குக் குறைந்ததன்று.

இத்தகையோர் ஃபிக்ஹில் 'மஃதூர்', அதாவது தடையுடையோர் எனப்படுவர். ஹனஃபீ மத்ஹபின்படி ஒவ்வொரு தொழுகை நேரத்திற்கும் ஒரு உளூ போதும். இடையில் கசிந்தாலும் அந்நேரம் முடியும்வரை அது முறியாது. ஷாஃபிஈ மத்ஹபில் நேரம் வந்தபின் இயன்றவரை துப்புரவு செய்து உளூச் செய்து, தாமதிக்காமல் தொழ வேண்டும். ஒரு உளூவுக்கு ஒரு ஃபர்ளு. தண்ணீர் தீங்கு செய்யுமாயின் தயம்மும் உண்டு. காயக் கட்டின் மேல் மஸ்ஹு செய்யலாம். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அளித்த விடை. தலையசைக்கவும் இயலாதவருக்கு ஹனஃபீகளிடம் தொழுகை பின்தள்ளப்படும். ஷாஃபிஈகளிடம் கண் இமையாலும் உள்ளத்தாலும் நிறைவேற்றலாம். குணமடையும் நம்பிக்கையற்றவர் நோன்புக்குப் பகரமாக நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும். இச்சலுகைகளை நோயாளியின் படுக்கையருகே அமர்ந்து பத்து நிமிடம் விளக்கினால், அவர் நெஞ்சிலிருந்து பெரும் பாரம் இறங்கும்.

மருத்துவமும் சுன்னத்தும் கைகோக்கும் இடங்கள் இன்னும் உள. புகையிலைப் பழக்கத்தால் வாய்ப்புற்று கண்டவர்களின் புண்ணிலிருந்து எழும் நாற்றம் உறவினரையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. நோய் விசாரித்தல் ஒரு முஸ்லிமுக்கு மற்றவர் செலுத்த வேண்டிய உரிமை என்று பயான் செய்கிறோம். அந்த நாற்றத்தைத் தணிக்க, மெட்ரோனிடசோல் என்னும் விலை மலிந்த மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவும் முறை செவிலியருக்குத் தெரியும். அச்செவிலியரை அவ்வீட்டுக்கு அழைத்து வருவதும் விசாரித்தலில் அடங்கும். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண்ணைப் பெரிதும் தவிர்க்கலாம்.

கடைசி நாள்களில் நோயாளி உண்ண மறுத்தால் பட்டினி போடுகிறோமே என்று குடும்பம் பதறுகிறது. அப்போது உடல் உணவை ஏற்கும் நிலையில் இல்லை. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறும். நோயாளிகளை உண்ணவும் பருகவும் வற்புறுத்த வேண்டாமெனும் கருத்தில் திர்மிதீயிலும் இப்னு மாஜாவிலும் ஒரு ஹதீஸ் உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றிக் கருத்து வேறுபாடு இருப்பினும் பொருள் அனுபவத்தோடு இயைகிறது. இறக்கும் தறுவாயில் இருப்பவரிடம் அவர் குடும்பத்தாரில் மிக மென்மையானவர் அருகிருந்து, தொண்டையில் சிறிது நீர் சொட்டி, பஞ்சால் உதடுகளை நனைத்துவர வேண்டும் என்று இப்னு குதாமா (ரஹ்) போன்ற ஃபுகஹாக்கள் எழுதியுள்ளனர். ஹிஜ்ரி 620-இல் மறைந்த அவ்வறிஞர் கூறியதையே, இன்றைய ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் உலர்ந்த வாய்க்குரிய பராமரிப்பாகக் கற்பிக்கின்றனர்.

மலப்புறம் காட்டிய வழி

இதனை எளிய மக்கள் நடத்த இயலுமா என்ற வினாவுக்கு அண்டை மாநிலம் விடை தந்துள்ளது. 1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் ஆகியோர் முன்னின்று வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினர். மருத்துவமனைக்கு வர இயலாத நோயாளரே மிகுதி என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். அதன் விளைவாக, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறம் மாவட்டத்தில் ஊர் மக்களையே பொறுப்பாளராக்கும் அண்டையர் கூட்டமைப்பு அந்த நூற்றாண்டின் முடிவில் உருவாயிற்று. வாரத்தில் இரண்டு மணி நேரமேனும் தர முன்வருவோருக்குப் பதினாறு மணி நேர வகுப்பும், நான்கு முறை நேரடிப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. கடைக்காரர், மாணவர், ஓட்டுநர், இல்லத்தரசியர் எனப் பலரும் தொண்டர்களாயினர். மாதந்தோறும் தரும் சிறு நன்கொடைகளே பெருந்துணையாயின. முஸ்லிம், இந்து, கிறிஸ்தவர் என்ற வேறுபாடோ, கட்சி வேறுபாடோ அதில் குறுக்கிடவில்லை. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்து, உள்ளாட்சிகள் வழியாக இல்லப் பராமரிப்புச் செவிலியரை அமர்த்தியது. மக்கள் முன்னே நடந்தனர், அரசு பின்தொடர்ந்தது.

தமிழகத்தில் அரசும் இப்பணியில் அடியெடுத்து வைத்தது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. 2004 வரை தருமபுரி மாவட்டத்தோடு ஒன்றாக இருந்த நிலப்பகுதி அது. நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டிற்கே கொணர்வதோடு, படுத்த படுக்கையானோருக்கு நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறை மருத்துவமும் வீடு தேடி வந்து அளிப்பது அத்திட்டத்தில் அடங்கும். ஆனால் ஒரு செவிலியரின் பொறுப்பில் பல கிராமங்கள் இருக்கும். அவர் வந்து செல்லும் ஒரு மணி நேரம் போக, எஞ்சிய நாள்களில் அவ்வீட்டைத் தாங்குவோர் யார்? அரசு செய்ய இயலாத அப்பகுதிதான் மஹல்லாவுக்குரியது.

ஒரு மஹல்லா செய்யக்கூடியவை

கம்பைநல்லூர் அளவிலான ஓர் ஊரில் ஹாஸ்பிஸ் கட்டடம் எழுப்புவது எளிதன்று, தேவையும் இல்லை. வீட்டிலேயே பராமரிப்பதுதான் பெரும்பாலோரின் விருப்பம். அதற்கு நான்கு ஏற்பாடுகள் போதும்.

முதலாவது, கணக்கெடுப்பு. மஹல்லாவிலும் அண்டைத் தெருக்களிலும் படுக்கையில் இருப்போர் எத்தனை பேர் என்று அறிந்து, அவர்களின் விவரத்தை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ப்பித்தல். திட்டம் இருப்பதே அறியாத குடும்பங்கள் பல.

இரண்டாவது, கருவிகள். காற்றுப் படுக்கை, சாய்வுக் கட்டில், சக்கர நாற்காலி, நடைச்சட்டம் ஆகியவை சில மாதங்களுக்கே தேவைப்படுபவை. ஒரு வீடு வாங்கிப் பின் மூலையில் போடுவதைவிட, பள்ளிவாசலில் பொதுவாக வைத்துச் சுற்றுக்கு விடலாம். இவற்றை வக்ஃபு செய்ய இயலுமா? வழக்கத்தில் உள்ள அசையும் பொருள்களை வக்ஃபு செய்யலாமென இமாம் முஹம்மத் (ரஹ்) கருதியதையும், கோடாரி, மண்வெட்டி, ஜனாஸாக் கட்டில், அதன் துணிகள் முதலியவற்றை அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறியதையும் 'ஹிதாயா' பதிந்துள்ளது. பள்ளிவாசலில் சந்தூக் வைத்திருக்க அனுமதிக்கும் அதே சட்டம் நோயாளியின் கட்டிலையும் அனுமதிக்கிறது. ஆனால் ஹனஃபீ மத்ஹபில் ஜகாத் பணம் தகுதியுடைய ஏழைக்கு உடைமையாக்கப்பட வேண்டுமாதலால், பொதுக் கருவிகளை ஸதக்காவிலிருந்தும் வக்ஃபிலிருந்தும் வாங்க வேண்டும். ஏழை நோயாளியின் கைக்கு மருந்துச் செலவாகவும், கடனில் மூழ்கிய குடும்பத்துக்குக் கடன் தீர்க்கவும் ஜகாத்தைத் தாராளமாக வழங்கலாம்.

மூன்றாவது, தொண்டர்கள். குளிப்பாட்டத் தெரிந்த ஆண்களும் பெண்களும் ஒவ்வோர் ஊரிலும் இருப்பதுபோல், நோயாளியைப் புரட்டவும் புண் கழுவவும் வாயைத் துப்புரவு செய்யவும் தெரிந்த ஆண்கள் இருவர், பெண்கள் நால்வர் உருவாக வேண்டும். அரபுக் கல்லூரி மாணவர்களுக்கு ஜனாஸாவின் சட்டங்களைக் கற்பிக்கும் பாடத்தோடு இப்பயிற்சியையும் இணைக்கலாம். வாரம் ஒருமுறை சில மணி நேரம் தொண்டர் ஒருவர் நோயாளியருகே அமர்ந்தால், பராமரிக்கும் பெண்மணி சற்று உறங்கி எழுவார்.

நான்காவது, உணவு. ஜஅஃபர் (ரலி) அவர்கள் வீரமரணமுற்ற செய்தி வந்தபோது, அக்குடும்பத்தார் துயரில் மூழ்கியிருப்பதைக் காரணமாகக் காட்டி, அவர்களுக்கு உணவு சமைத்தனுப்புமாறு நபி (ஸல்) பணித்தார்கள். அதே காரணம் மரணத்திற்கு முந்திய வாரங்களிலும் அவ்வீட்டில் உள்ளது. காரணம் ஒன்றாயிருக்கையில் நற்செயலும் விரிவதில் தவறில்லை. நம் ஊர்களிலோ துயருற்ற வீட்டாரே பிறருக்கு விருந்து வைக்கும் வழக்கம் நிலைத்திருப்பது வருந்தத்தக்கது.

இவை முஸ்லிம்களுக்கு மட்டும் உரியனவல்ல. தமக்குப் பணிபுரிந்த யூதச் சிறுவன் நோயுற்றபோது நபி (ஸல்) அவன் வீடு சென்று தலைமாட்டில் அமர்ந்தார்கள். கம்பைநல்லூர் போன்ற ஊர்களில் பல சமயத்தாரும் ஒரே தெருவில் கலந்து வாழ்கின்றனர். பள்ளிவாசலின் காற்றுப் படுக்கை எந்த வீட்டுக்கும் செல்ல வேண்டும்.

ஃபர்ளு கிஃபாயாவின் தத்துவம், ஒருவர் தனியே சுமக்க முடியாததைச் சமுதாயம் கூடிச் சுமப்பது என்பதே. இறந்தவருக்குத் தம் கடமைகளைத் தாமே செய்துகொள்ள இயலாது என்பதால் அவை நம்மீது விதியாயின. படுக்கையில் புரளவும் இயலாதவரின் நிலை அதற்கு எவ்வகையில் வேறு? அவருக்குச் செய்வதை அவர் உணர்வார், அவ்வளவே வேறுபாடு. சந்தூக் வைத்திருக்கும் ஒவ்வொரு பள்ளிவாசலும் அதனருகே நோயாளிக்கான ஒரு கட்டிலையும் வைக்குமாயின், நம் மஹல்லாக்கள் ஸஅத் (ரலி) அவர்களின் கூடாரத்தை மீண்டும் அமைத்தவையாகும். அதற்கான நல்லுதவியை அல்லாஹ் நம் ஜமாஅத்துகளுக்கு அருள்வானாக.